மட்டக்களப்புப் பாதை எஞ்சினுக்கு எந்த எச்சரிக்கை விளக்கைக் கேட்பது?

கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ புகையிரதக் கடவை பற்றிப் பேச்செழுந்தால், அது ஒரு கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது: எஞ்சினுக்கு என்ன விளக்குப் பூட்டச் சொல்லி எழுதுவது? ஒருவர் அம்புலன்சில் இருப்பதுபோன்ற சுழல்விளக்கு என்கிறார். இன்னொருவர் முன்விளக்கை இன்னும் பிரகாசமாக்கினால் போதும் என்கிறார். இந்திய எஞ்சின்களில் மினுக்கும் மஞ்சள் விளக்கைக் கேட்பவர்கள் உண்டு. எஞ்சினின் கீழ்ப்பக்கம் இரட்டை விளக்கு வைத்த வெளிநாட்டு வீடியோவை இளைஞர்கள் கைப்பேசியில் காட்டுகிறார்கள். கடைசியில் "நவீன எச்சரிக்கை விளக்குகள் பொருத்த ஆவன செய்யவும்" என்று மனுவில் ஒரு வரி போகிறது. அந்த வரியை வைத்து எந்தப் பொறியியலாளராலும் செலவு மதிப்பீடு போட முடியாது.

இந்தக் கட்டுரை ஏறாவூர், வந்தாறுமூலை, வாழைச்சேனை, புணானை வழியாகப் பொலன்னறுவைக்குப் போகும் பாதையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அம்பாறை மாவட்டத்துக்குப் பயணிகள் ரயில் இல்லை. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தாரும் மட்டக்களப்பு நிலையத்துக்கு வந்தே ஏறுகிறார்கள், ஆகவே இது அவர்களுடைய காரியமும்தான்.

## முதலில்: விளக்கு யாருக்காக?

எஞ்சின் விளக்கின் வரலாறு இரண்டு வழியில் போனது. பிரித்தானியாவில் 1845 ஆம் ஆண்டுச் சட்டமே பாதையோரம் வேலி அடைக்கும் பொறுப்பைப் புகையிரதக் கம்பனிகள்மேல் சுமத்தியது. வேலிக்குள் மாடும் மனிதரும் வருவதில்லை என்ற நம்பிக்கையில், எஞ்சினின் எண்ணெய் விளக்குகளுக்கு அங்கே வேறு வேலை கொடுத்தார்கள். வருவது எந்த வகை ரயில் என்பதை சமிக்ஞைக்காரருக்கு அவை அமைந்த இடம் சொல்லும். வழியைக் காட்டுவது அவற்றின் வேலையாக இருக்கவில்லை. அமெரிக்காவிலோ பாதைகள் திறந்த வெளியில் ஓடின. அங்கே மண்ணெண்ணெய் விளக்குக்குப் பின்னால் பெரிய பிரதிபலிப்பான் வைத்தார்கள், பிறகு கார்பன் வில்விளக்கு வந்தது, அதன்பின் நீராவியால் சுழலும் சிறு மின்னாக்கியில் எரியும் மின்குமிழ் வந்தது. விளக்கு ஆண்டுக்காண்டு கூர்மையாகிக்கொண்டே போனது.

1928 இல் மட்டக்களப்பு வரை வந்த நமது பாதை பிரித்தானிய வழக்கத்தின் பிள்ளை. ஆனால் அது ஓடுவது வேலியில்லாத வயலுக்கும் மேய்ச்சல் தரைக்கும் காட்டுக்கும் நடுவில். விளக்கு விடயத்தில் நமக்குப் பொருந்துவது திறந்த வெளியில் ரயில் ஓட்டியவர்களின் அனுபவம். இந்தக் கட்டுரையின் முடிவு அங்கிருந்துதான் பிறக்கிறது.

அடுத்து ஒரு கணக்கு. நிலையங்களுக்கு இடையே ஓடும் எஞ்சினின் முன்விளக்கு குறைந்தது 2,00,000 கண்டெலா (ஒரு திசையில் குவியும் ஒளியின் அலகு) செறிவுடன், 800 அடி (244 மீட்டர்) முன்னால் நிற்கும் ஆளைக் காட்ட வேண்டும் என்பது அமெரிக்க விதி. ரயில் மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறது என்று வைப்போம். சாரதி கண்டு பிரேக் பிடிக்க 3 செக்கன் ஆகும் என்றும், அதன்பின் ஒவ்வொரு செக்கனுக்கும் வேகம் செக்கனுக்கு 0.5 மீட்டர் வீதம் குறையும் என்றும் கொண்டால், ரயில் நிற்க ஏறத்தாழ 330 மீட்டர் வேண்டும். விளக்குக் காட்டும் தூரம் போதாது. 40 கிலோமீட்டரில் வந்தால் ஏறத்தாழ 160 மீட்டரில் நின்றுவிடும். ஆகவே 60 இல் ஓடும் ரயிலுக்கு விளக்கின் முதற்பயன், கடவையில் நிற்பவர் ரயிலைக் காண்பது. சாரதி தடையைக் காண்பது இரண்டாம் பட்சம்தான், அது பயன்பட வேண்டுமானால் வேகத்தையும் குறைக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

பகலிலும் இரவிலும் எவ்வளவு தூரத்தில் கண்ணில் படும் என்பது முதல் அளவுகோல். கண்டவரால் தூரத்தையும் வேகத்தையும் கணிக்க முடியுமா என்பது இரண்டாவது. எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். மூன்றாவது, விளக்கு வேறொன்றாகத் தவறி விளங்குமா: மோட்டார் சைக்கிளாகவோ, லொறியாகவோ, நிறுத்தச் சைகையாகவோ. நான்காவது, மழையிலும் பனியிலும் அது திரும்பித் தெறித்து சாரதியின் கண்ணைக் கெடுக்குமா. ஐந்தாவது, யார் பழுது பார்ப்பது? பெரிய பட்டறை இரத்மலானையில் இருக்கிறது. பாதையின் கடைசி முனையில் ஒரு விளக்குச் செத்தால், உதிரி கையில் இல்லாதவரை அது செத்தபடியே ஓடும்.

## ஒற்றை முன்விளக்கைக் கூர்மையாக்குதல்

செலவு குறைந்த தெரிவு. மங்கிய பிரதிபலிப்பான், நிறம் மாறிய கண்ணாடி, சரிந்த தாங்கி ஆகியவற்றை மாற்றினாலே ஒளி பெருமளவு மீளும். 2,00,000 கண்டெலா விளக்கு 500 மீட்டரில் 0.8 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் ஒளியின் அலகு) ஒளி தரும், பூரணை நிலவு தருவது ஏறத்தாழ 0.25 லக்ஸ். இரவில் தெரிவதில் குறையில்லை.

குறை இரண்டாவது அளவுகோலில். இருட்டில் ஒற்றைப் புள்ளியைப் பார்க்கும் கண்ணுக்கு அது 300 மீட்டரிலா 900 மீட்டரிலா என்று தெரியாது. வாழைச்சேனைப் பக்கத்தில் பிரதான வீதியும் ரயில் பாதையும் அருகருகே ஓடும் இடங்களில் அந்தப் புள்ளி மோட்டார் சைக்கிள் விளக்கைப்போலவே தோன்றும். பகலில் வெயிலுக்கு எதிரே அது அமுங்கிப்போகும். பிரகாசத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் குழப்பம் தீராது, கண்கூச்சம்தான் கூடும்.

## கீழ் இரட்டை விளக்கு: முக்கோணம்

முன்விளக்குக்குக் கீழே, இடமும் வலமும் இரண்டு விளக்குகள். கனடாவின் மேற்கு மலைப்பகுதியில் வளைவுகளில் பாதையோரத்தையும் பள்ளத்தையும் காட்டத்தான் இவை முதலில் வந்தன. அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று எஞ்சின்கள் கண்ணில் படுவதற்கு விதி வகுக்கச் சொன்னது. போக்குவரத்துத் துறையின் வோல்ப் மையம் பல விளக்குகளைச் சோதித்து 1995 இல் அறிக்கை தந்தது. 1996 இல் விதி வந்தது. பொதுவீதிக் கடவைகளை மணிக்கு 20 மைலுக்கு மேல் கடக்கும் எஞ்சின்கள் 1997 டிசம்பர் 31 க்குள் இரண்டு துணை விளக்குகளைப் பூட்டி, முன்விளக்குடன் சேர்ந்து முக்கோணம் தெரியும்படி செய்ய வேண்டும் என்றது.

முக்கோணம் ஏன் வேலை செய்கிறது? ஒரு பொருள் நெருங்குகிறது என்பதைக் கண் அறிவது, அது பார்வையில் விரியும் வீதத்தால். ஒற்றைப் புள்ளி விரியாது. ஒன்றரை மீட்டர் இடைவெளியுள்ள இரு விளக்குகள் 500 மீட்டரில் பாகையின் ஆறில் ஒரு பங்கு அகலத்தில் தெரியும், 250 மீட்டரில் மூன்றில் ஒன்று, 100 மீட்டரில் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. அந்த விரிவைக் கண்ட மனிதர் கணக்குப் போடாமலே "கோச்சி கிட்ட வந்திட்டுது" என்று உணர்கிறார். பெரிய பொருள் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதுபோலத் தோன்றும் மயக்கம் ஒன்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985 இல் கடவை விபத்துகளோடு சேர்த்து அதை விளக்கினார். முக்கோணம் அந்த மயக்கத்தை முற்றாகப் போக்காது, ஆனால் தூரத்தைக் கணிக்கக் கண்ணுக்கு ஒரு பிடி கொடுக்கிறது. மேலே ஒன்று, கீழே இரண்டு என்ற வடிவம் லொறிக்கும் பஸ்ஸுக்கும் இல்லாததால் தவறி விளங்குவதும் குறைவு. விளக்குகள் சாரதியின் பார்வைக் கோட்டுக்கு வெகு கீழே இருப்பதால் மாரி மழையில் தெறிப்பும் குறைவு.

அதே விதியின் அளவுகளை மனுவில் அப்படியே எழுதலாம். ஒவ்வொரு விளக்கும் குறைந்தது 2,00,000 கண்டெலா. தண்டவாளத்திலிருந்து உயரம் குறைந்தது 36 அங்குலம். முன்விளக்குக்கும் இவற்றுக்கும் செங்குத்து இடைவெளி 60 அங்குலமோ அதற்கு மேலோ என்றால், இரண்டுக்கும் இடையே 36 அங்குலம் போதும். செங்குத்து இடைவெளி அதிலும் குறைவென்றால் 60 அங்குலம் வேண்டும். எஞ்சினின் நடுக்கோட்டிலிருந்து 15 பாகைக்கு மேல் விலகக் கூடாது. மாறி மாறி மினுக்குவதானால் நிமிடத்துக்கு 40 முதல் 180 தடவை. 5 அடி 6 அங்குல அகலப் பாதை எஞ்சினில் இதற்கெல்லாம் தாராளமாக இடமுண்டு.

மறைந்த செலவுகள்தான் இங்கே கனமானவை. நமது புகையிரதத்தின் எம்2, எம்4 போன்ற, சாரதி அறை ஒன்றே உள்ள எஞ்சின்கள் நீண்ட மூக்கு முன்னால் இருக்கவும் ஓடும், அப்போது சாரதிக்குப் பார்வையும் குறைவு. ஆகவே விளக்கு இரு முனையிலும் வேண்டும்: எஞ்சினுக்கு இரண்டல்ல, நான்கு. 36 அங்குல உயரம் மாட்டின் மார்பு உயரம். மாட்டை மோதினால் முதலில் உடைவது இந்த விளக்கு. குறுக்குக் கம்பி வைத்துக் காத்தால் ஒளி மறையும், விளிம்பை மட்டும் சுற்றிய கனத்த வளையமே நல்லது. அடிபட்ட தாங்கி ஒரு பாகை திரும்பினாலும் 200 மீட்டரில் ஒளிக்கற்றை மூன்றரை மீட்டர் விலகும். மட்டக்களப்பிலும் கல்குடாவிலும் உப்புக்காற்று முனைகளை அரிக்கும், இணைப்புப் பெட்டி நீர் புகாததாக இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் இன்னொரு சிக்கல். ஜெனரல் மோட்டர்ஸ் வகைப் பழைய டீசல் எஞ்சின்களின் துணை மின்சாரம் 74 வோல்ட் நேர்மின். வழக்கமான 30 வோல்ட், 200 வாட் மூடிய விளக்கு இரண்டைத் தொடராக இணைத்தால் 60 வோல்ட், மீதி 14 வோல்ட்டை ஒரு தடை விழுங்க வேண்டும். மின்னோட்டம் ஏறத்தாழ 6.7 அம்பியர், தடை 2.1 ஓம், வெப்பம் 90 வாட்டுக்கு மேல். அதை வயர்க்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் காப்பு உருகும். தொடரில் ஒரு குமிழ் எரிந்தால் மற்றதும் அணையும், முக்கோணமே போய்விடும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித் தடையும் தனி பியூசும் வைத்தால் வீணாகும் வெப்பம் கூடினாலும் ஒன்றாவது எரியும்.

எல்.ஈ.டி. வைத்தால் இந்த வெப்பமும் மின்செலவும் பெருமளவு குறையும், அதிர்வையும் அது நன்றாகத் தாங்கும். ஆனால் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் 24 வோல்ட் எல்.ஈ.டி. பட்டை இதற்கு உதவாது. பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் ஒளியின் மொத்தம், நமக்கு வேண்டியது ஒரு திசையில் குவிந்த கண்டெலா. பட்டை விளக்கு ஒளியை அகலமாகப் பரப்பிவிடும். எஞ்சினின் தொடுப்பிகள் (பெரிய மின் ஆளிகள்) விடுபடும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலைத் தாங்காமல் அதன் உள்சுற்றும் எரிந்துபோகும். புகையிரதத் தரத்தில் செய்த, அந்த வோல்ட் வீச்சுக்கென்றே வடிவமைத்த அலகையே கேட்க வேண்டும்.

மினுக்குவதா, நிலையாக எரிவதா? நிலையாக எரிவதே முதல் தெரிவு. மாறி மாறி மினுக்கும்போது எந்தக் கணத்திலும் கீழே ஒரு விளக்குத்தான் எரியும், தூரம் கணிக்க உதவும் அகலம் அறுந்து அறுந்து தெரியும். ஹோர்ன் அடிக்கும் நேரத்தில் மட்டும் மினுக்கும்படி இணைத்தால் பகலில் கவனத்தை இழுக்கும். எல்.ஈ.டி.க்கு வாகனங்களில் பயன்படும் வெப்பவகை மினுக்கி பொருந்தாது, மின்னணு நேரங்காட்டி வேண்டும்.

## ஊசலாடும் விளக்கு

சிக்காகோ தீயணைப்பு வீரர் ஜெரமையா கெனெலியின் கண்டுபிடிப்பு இது. தீயணைப்பு வண்டிக்காகப் பிறந்து, 1936 இலிருந்து எஞ்சின்களில் ஏறியது. மார்ஸ் விளக்கு என்பது வணிகப் பெயர். சிறு மோட்டார் ஒன்று ஒளிக்கற்றையை எட்டு வடிவில் வீசும். பைல்-நேஷனல் கம்பனியின் கைராலைட் வட்டமாக வீசியது. கற்றை பாதையின் இருமருங்கையும் தடவிப்போவதால் வளைவுக்கு அப்பால் நிற்பவருக்கும் மரங்களில் ஒளி ஓடுவது தெரியும். புணானைக் காட்டு வளைவுக்கு இதைவிட அழகான விளக்கு இல்லை.

ஆனால் அசையும் உறுப்பு நிறைய: தூரிகை, தாங்கி, பற்சக்கரம். அவற்றைப் பேணும் செலவாலேயே பல கம்பனிகள் கழற்றிவிட்டன. கச்சான் காலத்துத் தூசிக்கும் மாரி ஈரத்துக்கும் நடுவில், இரத்மலானையிலிருந்து இவ்வளவு தூரத்தில், அந்த மோட்டார் நின்றுவிட்டால் கற்றை எங்கோ பக்கத்தைப் பார்த்தபடி உறையும். உதிரி கிடைக்கும் என்ற எழுத்து உறுதி இருந்தாலொழியக் கேட்க வேண்டாம்.

## கூரைச் சுழல்விளக்கும் மின்னலடிப்பானும்

மனுக்களில் அதிகம் கேட்கப்படுவது இதுவே, மெயின் லைன் வேகத்துக்குப் பொருந்தாததும் இதுவே. செனன் மின்னலடிப்பானின் ஒவ்வொரு மின்னலும் ஆயிரத்தில் ஒரு செக்கன் அளவுதான். ஏதோ இருக்கிறது என்று தெரியும், எங்கே, எவ்வளவு தூரம் என்று கண் பிடிப்பதற்குள் மறைந்துவிடும். வோல்ப் மையத்தின் சோதனையில் இது கீழ் இரட்டை விளக்குக்குப் பின்தங்கியது. மழையில் சாரதியைச் சுற்றி வெள்ளை மின்னல் தெறிக்கும். மஞ்சள் சுழல்விளக்கோ வீதி வேலை வாகனத்தையும் மெதுவாகப் போகும் உழவு இயந்திரத்தையும் நினைவூட்டும், "நிற்கிறது அல்லது ஊர்கிறது" என்ற தவறான சேதி போகும்.

உண்மையில் ஊரும் வண்டிகளுக்கு இது சரியான தெரிவு. நிலையத்தில் பெட்டி மாற்றும் எஞ்சின், பாதைப் பராமரிப்புத் தள்ளுவண்டி, வேலை நடக்கும் இடத்தில் நிற்கும் பொறி ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் கேட்கலாம்.

## மஞ்சள் மின்னி

இந்திய எஞ்சின்களில் காணும் இந்த விளக்கு கடவைக்காக வைக்கப்பட்டதல்ல. ரயில் தடம்புரண்டாலோ பிரிந்தாலோ, பக்கத்துப் பாதையில் எதிரே வரும் ரயிலை நிறுத்தச் சொல்லும் சைகை அது. மட்டக்களப்புப் பாதை ஒற்றைப் பாதை, எதிர்ப்பாதை என்ற ஒன்று இங்கில்லை. கொழும்பிலிருந்து பொல்காவலை வரையான இரட்டைப் பாதையில் நமது ரயிலுக்கும் அது பயன்படும், ஆனால் கடவையில் நிற்பவருக்காகக் கேட்பது பொருளற்றது. எப்போதும் மினுக்கவிட்டால் ஆபத்துச் சைகை மதிப்பிழந்து போகும்.

## பூச்சு

பிரித்தானியா 1960களிலிருந்து எஞ்சின் முகப்பில் மஞ்சள் பூசியது பாதையில் வேலை செய்பவருக்காக. பகலில் மட்டுமே பயன், ஆனால் பழுதாகாது. அடுத்த பூச்சு வேலையோடு சேர்த்துக் கேட்கலாம்.

| தெரிவு | இரவில் தூரக் கணிப்பு | தவறி விளங்கல் | மழையில் தெறிப்பு | பராமரிப்பு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| ஒற்றை முன்விளக்கு | மோசம் | மோட்டார் சைக்கிள் | நடுத்தரம் | எளிது | உடனடித் திருத்தம் |
| கீழ் இரட்டை விளக்கு | நன்று | அரிது | குறைவு | அடிபடும், திசை விலகும் | கடவை நிறைந்த மெயின் லைன் |
| ஊசலாடும் விளக்கு | நடுத்தரம் | அரிது | நடுத்தரம் | கடினம் | காட்டு வளைவு, உதிரி உறுதியானால் |
| சுழல்விளக்கு, மின்னலடிப்பான் | மோசம் | வீதி வேலை வாகனம் | அதிகம் | நடுத்தரம் | மெதுவாக ஊரும் வண்டி |
| மஞ்சள் மின்னி | மோசம் | ஆபத்துச் சைகை | நடுத்தரம் | எளிது | இரட்டைப் பாதை |

## யானைக்கு?

2025 பெப்ரவரி 20 அதிகாலை ஹபரணைப் பகுதியில் பயணிகள் ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன. அதன் வலி இன்னும் ஆறவில்லை, அதனாலேயே "யானைக்கும் சேர்த்து விளக்கு" என்ற கோரிக்கை எழுகிறது. மேலே சொன்ன எந்த விளக்கும் இதற்கு மருந்தாகாது. யானையின் நிறப்பார்வை, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத மனிதரின் பார்வைக்கு ஒப்பானது, ஆகவே மஞ்சளா சிவப்பா என்று வாதாடுவதில் பயனில்லை. அணைக்கட்டுப்போல உயர்ந்த பாதையில் ஏறிய கூட்டம் விலக இடமின்றித் தண்டவாளத்திலேயே ஓடவும் கூடும். முன்பு போட்ட கணக்கைப் பாருங்கள்: 60 இலிருந்து 40 க்கு வேகத்தைக் குறைப்பது நிற்கும் தூரத்தைப் பாதியாக்குகிறது. யானை நடமாடும் பகுதிக்கு இரவு வேகக் கட்டுப்பாட்டைத் தனி மனுவாகக் கேளுங்கள். விளக்கு மனுவோடு கலந்தால் விளக்கைப் பூட்டிவிட்டு வேகத்தை மறந்துவிடுவார்கள்.

## மனுவில் எழுதும் விதம்

புகையிரதப் பொது முகாமையாளருக்கு எழுதி, பிரதி மாவட்டச் செயலாளருக்கு. கேட்க வேண்டியவற்றை இந்த ஒழுங்கில் வையுங்கள். முதலில், இந்தப் பாதையில் ஓடும் எஞ்சின்களின் முன்விளக்கைச் சோதித்துத் திருத்துவதும், பகலிலும் எரியவிடும் நிலையான கட்டளையும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம், மறுக்கக் காரணமும் இல்லை. இரண்டாவது, எஞ்சினின் இரு முனையிலும் கீழ் இரட்டை விளக்கு, மேலே தந்த அளவுகளுடன். மோட்டார் ரயில் தொகுதி என்றால் இரு முனைச் சாரதி அறைகளிலும். மூன்றாவது, முன்விளக்குக்கும் துணை விளக்குக்கும் தனித்தனி ஆளி. நிலையத்தில் எதிரே நிற்கும் ரயிலின் சாரதிக்குக் கண் கூசாமல் அணைக்கவும், கடவைக்கு முன் மறுபடி ஏற்றவும் அது வேண்டும். நான்காவது, ஒவ்வொரு எஞ்சினுக்கும் உதிரி விளக்கு ஒரு சோடி மட்டக்களப்பு நிலையத்தில்.

பூட்டியபின் சரிபார்ப்பது எளிது. நேரான பாதையில், இருட்டிய பிறகு, எஞ்சினை நிறுத்தி 250 மீட்டரில் ஒருவரும் 500 மீட்டரில் ஒருவரும் நிற்க வேண்டும். 250 இல் மூன்று விளக்கும் பிரிந்து முக்கோணமாகத் தெரியாவிட்டால் திசை பிழை அல்லது இடைவெளி போதாது. இதைப் புகையிரத ஊழியர் முன்னிலையில், பாதை மூடிய நேரத்தில் மட்டுமே செய்யலாம்.

எந்த விளக்கும் பற்றைக்குள்ளால் தெரியாது. பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் ஒன்று நின்று புறப்பட்டு, கடவையை முழுதாகத் தாண்ட ஏறத்தாழ 12 செக்கன் எடுக்கும். அந்த நேரத்தில் 60 கிலோமீட்டர் வேக ரயில் 200 மீட்டர் வந்துவிடும், 80 என்றால் 267 மீட்டர். கடவையில் நிற்பவர் கண்ணிலிருந்து பாதையின் இருபக்கமும் அவ்வளவு தூரம் திறந்திருக்க வேண்டும். மாரி மழையில் நாயுண்ணியும் நாணலும் தலைக்கு மேல் எழும்பிவிடும். பெரும்போக அறுவடைக்கு நெல் ஏற்றிய வண்டிகள் ஓடத் தொடங்குமுன், தை மாதத்திலேயே, பாதைப் பகுதிப் பரிசோதகரிடம் கடவையின் பெயரையும் கிலோமீட்டர் கல்லின் இலக்கத்தையும் கொடுத்து வெட்டக் கேளுங்கள்.